அளக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள்

(வேலை, தொழில் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் நம் பத்தி எழுத்தாளர் பதில் தருகிறார்.)

கேள்வி: ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் சி.என்.சி. ஆபரேட்டர் நான். அலுமினிய ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூடு) 52 மி.மீ. போர், அதாவது வட்டத் துளை, அடிக்கிறோம். ஐந்து பீஸுக்கு ஒன்றை அளந்து ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது விதி. யாரும் அளப்பதில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுகிறோம். ஆர்டர் குறைந்திருக்கிறது, ஆளைக் குறைக்கிற பேச்சும் ஓடுகிறது. இப்போது போய் 'அளந்துதான் எழுதுவேன்' என்று நின்றால் முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள். நேர்மை எல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தானா?
– வாசகர், படப்பை

பதில்: தம்பி, நேர்மையாக இருந்தால் வேலை போகாது என்று உங்களுக்கு நான் உறுதி தர மாட்டேன். 2014-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது, அடுத்த வருஷம் மறைமலை நகர் ஆலையும் நின்றது. அங்கே லைனில் நின்றவர்கள் வேலை தெரியாதவர்களா? வரிப் பிரச்னை, நஷ்டக் கணக்கு, எங்கோ உட்கார்ந்து எடுத்த முடிவு. கை சுத்தமாக இருந்த ஆட்களுக்கும் கேட் மூடத்தான் செய்தது. அதனால் வேலையைக் காப்பாற்றும் உபாயமாக நேர்மையைப் பார்க்க வேண்டாம். அளந்து எழுதுவதற்கான காரணம் அந்த ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கிறது.

52 போர் என்றால் அநேகமாக 6205 பேரிங் உட்காரும் இடம். டிராயிங்கில் ஹெச்-7 என்று (துளை அளவு எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறி) போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 52.000 முதல் 52.030 வரை. முப்பது மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. துளையைக் குடைகிற வெட்டு முனை, போரிங் இன்சர்ட், தேயத் தேய போர் சின்னதாகிக்கொண்டே வரும். நிஜமாக அளந்த ரிப்போர்ட்டில் அது தெரியும்: 52.021, 52.018, 52.014, 52.011. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஃப்செட் கொடுக்கணும் (தேய்ந்த அளவுக்கு மெஷினில் திருத்தம் போடணும்) என்று நம்பர்களே சொல்லும். உட்கார்ந்து நிரப்பிய ரிப்போர்ட்டில் 52.015, 52.016, 52.015 என்று எல்லாம் நட்டநடுவில் நிற்கும். என்னிடம் வரும் ரிப்போர்ட்டுகளில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான். தேய்கிற டூல் ஒருநாளும் இப்படி எழுதாது.

அலுமினியத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். பீஸ் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 52 மி.மீ. போர் ஏறக்குறைய 12 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சூட்டில் 52.008 காட்டிய பீஸ் ஆறினதும் 51.996. அது ரிஜெக்ட். அதில் பேரிங்கை அழுத்தி ஏற்றினால் குண்டுகள் ஓடுவதற்கான இடைவெளி குறையும், சூடாகும், கத்தும். போர் பெரிதாகிவிட்டாலோ பேரிங்கின் வெளி வளையம் ஹவுசிங்குக்குள்ளேயே சுற்றி, உட்காரும் இடத்தைத் தின்றுவிடும். இதெல்லாம் உங்கள் கேட்டைத் தாண்டும்போது தெரியாது. வண்டி வாங்கினவருக்குத்தான் தெரியவரும், அதுவும் நடுரோட்டில்.

சரி, நாளைக்கு ஷிஃப்டுக்குப் போய் என்ன செய்வது? சண்டை வேண்டாம், யாருக்கும் புத்தி சொல்லவும் வேண்டாம். போர் டயல் கேஜில் ஒரு போரை அளக்க அரை நிமிஷம் போதும். அடுத்த பீஸ் ஓடுகிற நேரத்தில், தட்டில் ஆறிக் கிடக்கிற பீஸை எடுத்து அளந்து, வந்த நம்பரை எழுதுங்கள். அளக்க முடியாமல் போன கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஐந்துக்கு ஒன்று முடியவில்லை, பத்துக்கு ஒன்றுதான் முடிந்தது என்றால் ரிப்போர்ட் அதையே காட்டட்டும். சூப்பர்வைசர் கேட்டால், "சார், டைம் பத்தல, அளந்ததை மட்டும் எழுதியிருக்கேன்" என்று சொல்லுங்கள். 'நிரப்பிடு' என்றால், அவரையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம், மரியாதையாக. பாதிப் பேர் அந்த இடத்தில் பேனாவை எடுக்க மாட்டார்கள். அவருக்கும் மேலிருந்து அழுத்தம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் ரீடிங்கை வைத்து ஒரு தட்டு பீஸ் ரிஜெக்ட் ஆகாமல் தப்பியதென்றால், அதை அவர் பெயரிலேயே மேலே சொல்லட்டும். ஆர்டர் இல்லாத நேரத்தில் வீணாகிற ஒவ்வொரு பீஸும் முதலாளிக்கு உறைக்கும்.

அந்த ஹவுசிங் பிரேக்குக்கோ ஸ்டியரிங்குக்கோ போகிறது என்றால் இந்த நெளிவுசுளிவுக்கெல்லாம் இடமில்லை. ஒரு கட்டத்தைக்கூட ஊகத்தில் நிரப்பாதீர்கள், வேலை போனாலும் சரி. போகலாம் என்பதால் இப்போதே ஐ.டி.ஐ. சான்றிதழ், சம்பள ரசீதுகள், பி.எஃப். எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் பக்கம் உள்ள சின்னப் பட்டறைகளில் விசாரித்து வையுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும், கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும் கிடையாது. ஆனால் அளந்து வேலை செய்கிற ஆள் யார் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ரெடிமேட் விலையைக் காட்டிக் கூலியைக் குறைக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் விடுகிற துணியையும், உள்ளே செய்கிற கை வேலையையும் குறைத்தால் எனக்குக் கட்டுப்படியாகும். வெளியே ஒன்றும் தெரியாது. செய்யலாமா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: தையலில் எனக்கு அனுபவம் கிடையாதம்மா. ஆனால் இதே கேள்வி என் பட்டறைக்கும் வரும். ஷாஃப்ட்டுக்கு இ.என்.8 (கார்பன் கூடின, கெட்டியான எஃகு) வேண்டும் என்று பார்ட்டி வருவார், விலையைச் சொன்னதும் முகம் மாறும். சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பாரில் போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? டர்னிங் முடித்து எமரி போட்டால் இரண்டும் ஒரே பளபளப்பு. கிரைண்டரில் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். எம்.எஸ்ஸில் பொறி நீளக் கோடாக ஓடும். கார்பன் கூடின இ.என்.8-ல் பொறியின் நுனி பூப்பூவாக வெடிக்கும். சூடேற்றித் தண்ணீரில் முக்கிய பிறகு அரம் போட்டால், எம்.எஸ்ஸில் அரம் கடிக்கும், இ.என்.8-ல் வழுக்கும். பார்ட்டி அரத்தோடும் கிரைண்டரோடுமா வருகிறார்? நம் பேச்சை நம்பி வருகிறார்.

அதனால் இரண்டு விலையையும் சொல்லிவிடுவேன். "எம்.எஸ்ல போட்டா இவ்வளவு, சீக்கிரம் தேயும். இ.என்.8-ல போட்டா இவ்வளவு. உங்க வேலைக்கு எது போதும்?" எம்.எஸ். போதும் என்று சொல்பவர்கள் நிறைய. அதில் ஒரு தப்பும் இல்லை. பில்லில் எம்.எஸ். என்றே எழுதிக் கொடுக்கிறேன். கஷ்ட காலத்தில் வேலையைக் குறைக்கலாம், சொல்லிவிட்டுத்தான் குறைக்கணும். சொல்லாமல் குறைப்பதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

நீங்களும் இரண்டு பிளவுஸ் தைத்து மாட்டி வையுங்கள், இரண்டையும் உள்பக்கம் திருப்பி. 'இதில் பக்கத்துல துணி விட்டிருக்கேன், உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம். இதுல விடல, கூலி கம்மி' என்று காட்டுங்கள். தினம் கட்டுகிற காட்டன் புடவைக்குக் குறைந்த கூலி பிளவுஸ் போதும் என்பார்கள். பட்டுப்புடவை பிளவுஸுக்கு அவர்களே மற்றதைக் கேட்பார்கள்.

கேள்வி: திருமுடிவாக்கத்தில் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிறேன். பெரிய பார்ட்டி பணம் தர 120 நாள் ஆகிறது. போன மாதம் பாதிச் சம்பளம்தான் போட முடிந்தது. 'பணம் வந்துவிடும்' என்று ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது.
– வாசகர், பம்மல்

பதில்: முதலில் சட்டம். 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, உங்களைப் போன்ற யூனிட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. வருமான வரியிலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஒரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குக் காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, நிஜமாகக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே உங்கள் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணைப் பில்லிலேயே பெரிதாக அச்சடியுங்கள். பார்ட்டி கவனிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் கண்ணில் படும். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம் நியாயமானது. அதனால் முதல் கடிதத்திலேயே மிரட்ட வேண்டாம். எந்த பில், எந்த தேதி, எத்தனை நாள் ஆனது என்று மட்டும் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். வாரம் தவறாமல் எழுதுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இந்தச் சட்டப்படி அமைந்த வசதி மன்றத்துக்குப் போகலாம்.

அப்புறம் உங்கள் ஆட்கள். 'வந்துவிடும்' என்ற சொல்லை நிறுத்துங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் லேத் பெட் வரைக்கும் தண்ணீர் நின்றது. வடிந்ததும் ஆட்களை உட்கார வைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது, முழுச் சம்பளம் எந்தத் தேதிக்கு முன்னால் சாத்தியமில்லை என்று சொன்னேன். சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். குடும்பம் இருக்கிறது, போகத்தானே வேண்டும்? மற்றவர்கள் மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்தார்கள், டீசல் விட்டு ஸ்லைடில் இருந்த சேற்றைத் துடைத்தார்கள். நீங்களும் நிற்கிற பில்லை அவர்களிடமே காட்டுங்கள். வருகிற பணத்தில் குறைந்த சம்பளக்காரருக்கு முதலில் முழுசாகக் கொடுங்கள். உங்கள் வீட்டுச் செலவுக்கு எடுப்பது கடைசியாக இருக்கட்டும்.

கேள்வி: ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஏ.ஐ. வந்தபிறகு எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியவில்லை. அதைவிட, எதற்காக இதைச் செய்கிறேன் என்றே தெரியவில்லை.
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: உங்கள் டீமில் வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கிறவரிடம் கேட்டு, பத்து புகார்களைப் படித்துப் பாருங்கள். எந்த ஊரில், எந்த கவுன்டரில், யார் எதற்காகக் காத்து நிற்கிறார்கள் என்பது அதில் இருக்கும். மாதவரத்தில் ஒரு மாவு மில்லுக்கு நான் போட்ட ஷாஃப்ட் ஓடுவதை நேரில் பார்த்தேன். அதற்கு முன் அது எனக்கு வெறும் ஜாப் நம்பர். ஏ.ஐ. எழுதிய டெஸ்ட் எல்லாம் 'பாஸ்' என்று வந்தால், அது உண்மையில் எதைச் சோதித்தது என்று திறந்து பாருங்கள். படப்பை தம்பியின் ரிப்போர்ட் மாதிரியே அதுவும் வெறுமனே நிரம்பியிருக்கக்கூடும், அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். எவ்வளவு நாள் ஓடும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: பத்தாவது முடித்த மகன் ஐ.டி.ஐ-யில் டர்னர் (லேத் வேலை) படிக்க ஆசைப்படுகிறான். 'மெஷின் வேலைக்கு எதிர்காலம் இல்லை' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்ய?
– வாசகி, அயனாவரம்

பதில்: சேருங்கள். இரண்டு வருஷப் படிப்பு, கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. முடித்தபின் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரவும் வழி உண்டு. ஆனால் விண்ணப்பம் போடுமுன் தெரிந்த பட்டறை எதிலாவது ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கச் சொல்லுங்கள். சூடாகச் சுருண்டு விழுகிற சிப்ஸ், கூலன்ட் வாடை, எட்டு மணி நேரம் நின்றே இருக்கிற கால் வலி எல்லாம் தெரியட்டும். சாயந்திரம் வீட்டுக்கு வந்து மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம். செருப்போடு மட்டும் அனுப்பாதீர்கள், கெட்டியான தோல் ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், தொளதொளவென்று இருந்தால் பீஸைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் மாட்டும்.