கிருமி கொல்லும் பெப்டைடுகளைப் பரப்பில் ஒட்டினால் பாக்டீரியா வளராதா? மருத்துவமனையில் இதை ஏன் பரவலாகக் காணோம்? எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் முதல் கேள்விக்கு "வளராது" என்று பதில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

மூன்று வருடம் இதே வேலைதான் செய்தேன். நகம் அளவு டைட்டானியம் துண்டுகளில் மகைனின் என்ற பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஒட்ட வேண்டும். மகைனின் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் கிடைத்தது. அறுவை செய்த தவளைகளை அழுக்குத் தண்ணீரில் திரும்ப விட்டாலும் அவற்றின் புண் சீழ் பிடிக்காமல் ஆறிவிடுவதைக் கவனித்த மைக்கேல் சாஸ்லாஃப், 1987-ல் அதற்குக் காரணமான பெப்டைடைப் பிரித்தெடுத்தார். 23 அமினோ அமிலங்கள், அவ்வளவுதான். அதற்கு நேர்மின்னேற்றம். பாக்டீரியாவின் சவ்வுக்கு எதிர்மின்னேற்றம். நம் செல்களின் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை, அதோடு கொலஸ்டிரால் வேறு இருக்கிறது. அதனால் பெப்டைடு நம்மை விட்டுவிட்டு பாக்டீரியாவிடம் போய் ஒட்டி, சவ்வை ஓட்டை போடுகிறது.

இதை மூட்டு மாற்று உலோகத்திலோ கதீட்டரிலோ ஒட்டிவிட்டால், பாக்டீரியா வந்து உட்கார்ந்து உயிர்ப்படலம் (பாக்டீரியாக் கூட்டம் தன்னைச் சுற்றிக் கட்டும் பிசுபிசுப்பான உறை) கட்டும் முன்பே செத்துவிடும் என்பதுதான் யோசனை. படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாட்டிக் அதற்குள் சரியாக வேலை செய்யாது, பொருளையே கழற்றி எடுக்க வேண்டிவரும். அதனால் யோசனையில் குறை இல்லை.

ஒட்டும் முறையும் ரொம்பச் சிக்கல் இல்லை. துண்டை அசிட்டோனிலும் ஆல்கஹாலிலும் கழுவி, ஆக்சைடு பரப்பைத் தயார் செய்து, சிலேன் (சிலிக்கான் உள்ள ஒட்டு மூலக்கூறு) போடுவோம். இப்போது பரப்பு முழுக்க அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள வேதிக் கைகள். அதன் மேல் ஒரு இணைப்பான், அதன் நுனியில் மேலிமைடு என்ற வேதித் தொகுதி. பெப்டைடின் வாலில் கூடுதலாக ஒரு சிஸ்டீன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) வைத்து வாங்கியிருப்போம், அதன் கந்தகம் மேலிமைடைப் பிடித்துக்கொள்ளும். லைசின் என்ற அமினோ அமிலம் வழியாக ஒட்டலாமே என்று கேட்பார்கள். ஒட்டலாம், ஆனால் லைசின்தான் அந்த நேர்மின்னேற்றத்தைக் கொடுக்கிறது. ஆயுதத்தையே கைப்பிடியாக்கினால் எதைக் கொண்டு அடிப்பது?

முதல் முறை செய்தபோது சாதாரண டைட்டானியத்தில் வளர்த்த ஸ்டாஃப் ஆரியஸ் (புண்ணில் சீழ் வைக்கும் ஒரு பாக்டீரியா) தட்டில் எண்ண முடியாத அளவு காலனி. ஒட்டிய துண்டிலிருந்து வந்த தட்டில் நாலே நாலு. தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு லேப் முழுக்கச் சுற்றினேன். அங்கே சீனியர் ஒரு அக்கா இருந்தார். தட்டைத் தொடக்கூட இல்லை. "எஸ்.டி.எஸ். போட்டுக் கழுவினியா?" என்றார். எஸ்.டி.எஸ். என்பது சும்மா ஒட்டியிருப்பதைக் கழுவி எடுக்கும் சோப்பு மாதிரியான பொருள். இல்லை. "பெப்டைடு இல்லாம வெறும் அமீன் பரப்பு ஒண்ணு வெச்சியா?" அதுவும் இல்லை. "அப்போ போய் உட்காரு."

டைட்டானியம் ஆக்சைடு உடலின் பி.எச்.-ல் எதிர்மின்னேற்றம் கொண்டது. பெப்டைடு சும்மாவே போய் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், வேதிப்பிணைப்பு எதுவும் தேவையில்லை. பிறகு பாக்டீரியா திரவத்தில் போட்டதும் மெல்லக் கரைந்து வெளியே வந்து கொல்லும். பார்க்கிறவருக்குப் பரப்பு கொன்ற மாதிரி இருக்கும். எஸ்.டி.எஸ். கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, (அந்த எஸ்.டி.எஸ்.-ஏ பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால்) பத்து முறை தண்ணீரில் அலசி, மறுபடி செய்தேன். நாலு காலனி சில நூறு ஆனது. அதோடு வெறும் அமீன் பரப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொன்றிருந்தது, அதற்கும் நேர்மின்னேற்றம்தானே. இரண்டையும் கழித்துப் பார்த்தால் பெப்டைடின் சாதனை என்று மிஞ்சியது கொஞ்சம்தான்.

இதில் எனக்கு இன்னும் பிடித்த ஒரு கணக்கு உண்டு. மகைனின் சவ்வில் சுருளாக நிற்கும். ஓர் அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் என்றால் 23-க்கு ஏறக்குறைய 3.5 நானோமீட்டர். ஒரு சவ்வின் தடிமனுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் ஸ்டாஃப் ஆரியஸுக்குச் சவ்வின் மேல் 20 நானோமீட்டர் அல்லது அதற்கும் மேல் தடிமனான சுவர் இருக்கிறது. கட்டிப்போட்ட நாய் சங்கிலி நீளத்துக்குத்தான் பாயும். இணைப்பானை நீளமாக்கினால் எட்டும், ஆனால் நீண்ட சங்கிலி மடங்கிப் பெப்டைடைத் தனக்குள்ளேயே புதைத்துக்கொள்ளவும் கூடும். மேலும் ஓட்டை போட ஒரு பெப்டைடு போதாது, பல சேர வேண்டும். கட்டியிருப்பவை எப்படிச் சேரும்? அதனால்தான் ஒட்டிய பெப்டைடு ஓட்டை போட்டுத்தான் கொல்கிறது என்பதை நான் அப்படியே நம்புவதில்லை. நெருக்கமாக நிற்கும் நேர்மின்னேற்றம், பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளை இடம்பெயர்த்துக் கலைக்கிறது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

மருத்துவமனையில் ஏன் பரவலாகக் காணோம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். லேப் சோதனை ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சர்வதேசத் தர முறை மாதிரியானது: 35 டிகிரி, 24 மணி நேரம், மேலே ஒரு பிளாஸ்டிக் படலம், நீர்த்த ஊட்டக் கரைசல். உடலுக்குள் போனதும் சில நிமிடத்திலேயே ஆல்புமின், ஃபைப்ரினோஜென் என்ற ரத்தப் புரதங்கள் பரப்பை மூடிவிடும். புரோட்டியேஸ் என்ற நொதி பெப்டைடை வெட்டும். செத்த பாக்டீரியா அங்கேயே கிடந்து அடுத்தவனுக்குப் பாய் விரிக்கும். இதெல்லாம் போக ஸ்டெரிலைஸ் செய்யும்போது பெப்டைடு தாங்க வேண்டும். இப்போது மருத்துவமனைகளில் இருப்பவை பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின், வெள்ளி, மினோசைக்ளின்-ரிஃபாம்பின் போன்றவற்றைக் கசியவிடும் கதீட்டர்கள். எதிர்ப்புத்திறன் வராது என்று சொல்வதும் சரியில்லை. ஸ்டாஃப் ஆரியஸ் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினைச் சேர்த்து, தன் எதிர்மின்னேற்றத்தையே குறைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை தரும் இடம் காண்டாக்ட் லென்ஸ். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், தேனீ விஷத்தின் மெலிட்டினையும் சால்மன் மீனின் புரோட்டமினையும் கலந்து 29 அமினோ அமில மெலிமைன் செய்தார்கள். அதன் சிறிய வடிவமான மெல்4-ஐ லென்ஸில் பிணைத்து ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் மனிதர்களிடம் சோதித்தும் இருக்கிறார்கள். லென்ஸ் சில நாளில் தூக்கிப்போடும் பொருள், வருடக்கணக்கில் தாங்க வேண்டியதில்லை. அது ஒரு பெரிய வசதி.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். ஆறு மாதம்தான், செயற்கைப் பெப்டைடு விலை கையைக் கடிக்கும். நிசின் (உணவுப் பதனத்துக்குப் பயன்படும் ஒரு பாக்டீரியாப் பெப்டைடு) எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுங்கள். அதில் சும்மா இருக்கும் சிஸ்டீன் கிடையாது, எல்லாம் வளையத்தில் மாட்டியிருக்கும், அதனால் அமீன் வழியாகத்தான் ஒட்ட முடியும். ஈ.கோலையில் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று அழாதீர்கள். அதன் வெளிச்சவ்வைத் தாண்டி நிசின் போகாது, பேசிலஸ் மாதிரி வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் ஒன்றை வையுங்கள். அப்புறம் முக்கியமாக, உணவுப் பதனத்துக்கு விற்கும் நிசின் பொடியில் நிசின் வழக்கமாக 2.5 சதவீதம்தான். மீதி உப்பும் பால் புரதமும். அதை அப்படியே கரைத்து ஊற்றினால் ஸ்லைடில் முதலில் ஒட்டுவது பாலாகத்தான் இருக்கும். சுத்திகரித்ததை வாங்குங்கள், எஸ்.டி.எஸ். பாட்டிலையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.