12 லட்சம் ரூபாய் என்ஜின் வேலை: செய்யலாமா, காரை அப்படியே விற்றுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் மற்ற கம்பெனிகளுக்கு உலோகப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்ன சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று நடத்துகிறேன். வயது 43. நீண்ட நாள் ஆசையாக, 2010-ல் தயாராகி 2011-ல் பதிவான பிஎம்டபிள்யூ எம்3 கூபே ஒன்றை 26 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதில் 14 லட்சம் கடன். கடைசித் தவணை (மாதம் 35,500) கட்டி ஐந்து மாதம்தான் ஆகிறது. போன மாதம் சத்தியமங்கலம் போய்த் திரும்பும்போது என்ஜினில் டக் டக் என்று இரும்புச் சத்தம் வந்தது. அரை கிலோமீட்டருக்குள் ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். என்ஜினைப் பிரித்துக் கட்ட 12 லட்சம், பழைய என்ஜின் வாங்கி மாட்ட 9 லட்சம் என்கிறார்கள். ஒரு புரோக்கர் இருக்கிற நிலையிலேயே 8 லட்சத்துக்குக் கேட்கிறார். நன்றாக ஓடும் இதே மாடலுக்கு 22 லட்சம் வரை விலை சொல்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று ஏஜென்ட் போனிலேயே சொல்லிவிட்டார். வீட்டுச் செலவு, வீட்டுக் கடன் தவணை 46,000 எல்லாம் போக மாதம் கொஞ்சம் மிஞ்சும். எஃப்டியில் 9 லட்சம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்டில் 22 லட்சம். வங்கி 14 சதவீதத்தில் பர்சனல் லோன் தரத் தயார். மனைவி தன் நகையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: சத்தம் கேட்டதும் வண்டியை நிறுத்தினீர்களே, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல செய்தி அதுதான். அந்த அரை கிலோமீட்டர் உங்களுக்குச் சில லட்சங்களை மிச்சப்படுத்தியிருக்கலாம். எப்படி என்று பார்ப்போம். என்ஜினைக் கொஞ்சம் புரிந்துகொள்ளாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது.

உங்கள் காரில் இருப்பது 3,999 சிசி வி8. 8,400 ஆர்பிஎம் வரை சுழல்வது. இதில், பிஸ்டனை கிராங்க் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் கான்ராடின் பேரிங் சீக்கிரம் தேய்வது இந்தக் காரை வைத்திருப்பவர்களும் மெக்கானிக்குகளும் பல நாடுகளில் பேசிவரும் விஷயம். எட்டு கான்ராடுக்கு 16 பேரிங் ஓடுகள். ஒவ்வொன்றும் நாணயத் தடிமனில் அரைவட்டமாக இருக்கும். அதற்கும் கிராங்க்குக்கும் நடுவே ஓடும் ஆயில் படலம்தான் இரண்டையும் உரசாமல் காப்பாற்றுகிறது. படலம் அறுந்தால் முதலில் தேய்வது ஓடு. ஓடு தேய்ந்து இடைவெளி கூடும்போதுதான் நீங்கள் கேட்ட அந்த டக் டக் சத்தம் வரும். அதற்கப்புறமும் ஓட்டினால் ஓடு சுழன்று கிராங்க்கையே கீறிவிடும். இன்னும் ஓட்டினால் கான்ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆக, சேதம் ஓட்டோடு நின்றதா, கிராங்க் வரை போனதா என்பதில்தான் உங்கள் பணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சொன்ன 12 லட்சத்தை எஸ்டிமேட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மொத்தத்தில் வைத்த ஒரு தொகை. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, எல்லா ஓடுகளையும் எடுத்து வரிசையாக வைத்து, கிராங்க்கில் பேரிங் உட்காரும் ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரையும் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உலோகத் தூள் எவ்வளவு என்று தெரியும். இந்த வேலைக்கு மட்டும் தனி ரேட் பேசி, தனி பில் வாங்குங்கள். ஜாப் ஒர்க் செய்கிறவர் நீங்கள், அளவு எடுப்பதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நேரில் போய் நின்று பாருங்கள்.

ஆனால் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது. அவசரத்தில் இவற்றை விட்டுவிட்டால் பின்னால் திரும்பப் பெற வழியில்லை.

முதலாவது இன்ஷூரன்ஸ். ஏஜென்ட் சொன்னது பெரும்பாலும் சரிதான். நம் ஊர் மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வெளிப்படையான விலக்குகள். ‘என்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், பொதுவாக தண்ணீர் புகுந்து என்ஜின் அடைபட்டாலோ, அடிபாகம் அடிபட்டு ஆயில் ஒழுகி என்ஜின் கெட்டாலோதான் அது உதவும். ஆகவே ஒன்றை மட்டும் பாருங்கள்: சத்தியமங்கலம் சாலையில் கல்லிலோ வேகத்தடையிலோ அடிபாகம் இடித்ததா? சம்ப்பில் நசுங்கல், ஆயில் ஒழுகிய தடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்த்த பிறகு திறக்கவும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பாலிசிதாரர்களின் புகாரை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போக அந்தக் காகிதம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர், தண்ணீரில் நின்ற காரை ‘கிளம்புகிறதா பார்ப்போம்’ என்று ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்தார். முழு என்ஜினும் போனது. கிளெய்மும் போனது. அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இடித்த தடம் எதுவும் இல்லை என்றால் இன்ஷூரன்ஸை மறந்துவிட்டு மேலே போகலாம்.

இரண்டாவது, கடைசியாக ஆயில் மாற்றிய பில். எங்கே, எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த என்ஜினுக்கு 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ரக ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 8.8 லிட்டர். பில்லில் சாதாரண 5டபிள்யூ-30 என்றோ, ஐந்தாறு லிட்டர் என்றோ இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இப்போது உள்ளே இருக்கும் ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடி, தேதி எழுதி வையுங்கள். பழைய ஓடுகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இந்தப் பணம் வரும் என்று நம்பி இன்று எதையும் முடிவு செய்ய வேண்டாம். ‘இந்த என்ஜினில் பேரிங் தேய்வது வழக்கம்தானே’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும், ஆயிலால்தான் கெட்டது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம்.

வாங்கிய 26 லட்சத்தையும் அதற்குக் கட்டிய வட்டியையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘இவ்வளவு போட்டுவிட்டு எப்படி விடுவது’ என்ற நினைப்பு வருவது இயல்புதான், ஆனால் அந்தப் பணம் போய்விட்டது. இன்றைக்கு உங்களிடம் இருப்பது 8 லட்ச ரூபாய் மதிப்புள்ள, ஓடாத கார். அதில் 12 லட்சம் போட்டால், 20 லட்சத்துக்கு 15 வயது காரை நீங்கள் புதிதாக வாங்குவதற்குச் சமம். அந்த 12 அங்கேயே நிற்குமா? கிராங்க் போயிருந்தால் நிற்காது என்பதே என் அனுபவம். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும்போது விலையும் வரியும் மாறும், திறந்த பிறகு வேறொன்று தெரியும். கால் பங்கு கூடுதலாக வைத்தால் 15 லட்சம். 8 லட்சமும் 15 லட்சமும் சேர்ந்தால் 23 லட்சம். நன்றாக ஓடும் வண்டிக்கே 22 ‘வரை’ சொல்கிறார்கள் என்கிறீர்கள். சொல்கிற விலை வேறு, கைக்கு வருகிற விலை வேறு.

ஆகவே கிராங்க்கில் கீறல் இருந்தால், அளவு தாண்டியிருந்தால், விற்றுவிடுங்கள். இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கிராங்க்கை கிரைண்ட் செய்து, குறைந்த அளவுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கோவையில் அதற்கு நல்ல பட்டறைகளும் உண்டு. லாரி என்ஜினுக்கு அது தினசரி வேலை. 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகிற என்ஜினில் அந்தச் சோதனையை உங்கள் காசில் செய்ய வேண்டாம்.

கிராங்க் தப்பித்திருந்தால் கதை வேறு. புது ஓடுகள், புது போல்ட்டுகள், ஆயில் பம்ப் சோதனை, ஆயில் வழிகள் முழுவதும் சுத்தம் என்று வேலை சுருங்கும். அப்போது என் உச்சவரம்பு, எல்லாம் சேர்த்து 6.5 லட்சம். இந்த எண்ணை ஏதோ குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. உங்கள் 9 லட்சம் எஃப்டியில் 6 லட்சம் அவசர நிதியாக இருக்க வேண்டும், சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அதற்குக் கீழே போகக்கூடாது. மீதி 3 லட்சம். முடிந்துபோன கார் கடன் தவணை 35,500-ஐ இன்னும் பத்து மாதம் அதே தேதியில் தனிக் கணக்கில் போட்டால் 3.55 லட்சம். காருக்காக நீங்கள் ஏற்கெனவே பழகிய பணம் அது, வீட்டில் யாரும் எதையும் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பத்து மாதம் வண்டி நிற்குமே என்றால், நிற்கட்டும். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து, பாகங்களை முதலில் வாங்கி வையுங்கள். என்ஜினைத் திறந்தபடி விடாமல் மூடிவைக்கவும், பேட்டரியைக் கழற்றி வைக்கவும், ஒர்க்‌ஷாப்பில் நிறுத்த வாடகை உண்டா என்பதை முன்பே பேசிக்கொள்ளவும். நிற்கிற வண்டிதானே என்று இன்ஷூரன்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். தீ, திருட்டு ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

இன்னொரு செலவையும் சேருங்கள். 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் 15 ஆண்டு முடிகிறது. இறக்குமதிக் காரின் ஆர்சியைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 40,000 ரூபாய். அதோடு பசுமை வரி, எஃப்சிக்கு வண்டியை ஓடுகிற நிலையில் கொண்டுபோய்க் காட்டும் செலவு. தாமதமானால் மாதம் 500 ரூபாய். அந்தத் தாமதக் கட்டணத்துக்குப் பயந்து அவசரமாகக் கடன் வாங்க வேண்டாம், ஆனால் புதுப்பிக்கும் வரை சாலையில் ஓட்டவும் கூடாது.

9 லட்சத்துக்குப் பழைய என்ஜின் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள்ளும் இதே பேரிங்தான் இருக்கும், எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாது. மாட்டுவதற்கு முன் அதையும் திறந்து ஓடுகளை மாற்ற வேண்டும், ஆக 9 என்பது 9 இல்லை. பழைய என்ஜினை வெளிநாட்டிலிருந்து இறக்கக் கட்டுப்பாடு உண்டு, சுங்க ஆவணம் காட்டாமல் கொடுப்பவரிடம் வாங்கினால் வில்லங்கம் உங்களுடையது. என்ஜின் நம்பர் மாறினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும்.

கடன்களைப் பற்றி. பர்சனல் லோன் 12 லட்சம், 14 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் தவணை சுமார் 27,900. மொத்தம் 16.75 லட்சம் கட்டுவீர்கள், அதில் 4.75 லட்சம் வட்டி. தவணை முடியும்போது வண்டிக்கு 20 வயது. இது வேண்டவே வேண்டாம். மகளின் ஃபண்டைத் தொடவும் வேண்டாம். அங்கிருந்து எடுக்கும் 12 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால், அவள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் 19 லட்சமாக இருக்க வேண்டிய பணம். நகையைப் பொறுத்தவரை, உங்கள் மனைவி மனதாரச் சொல்லியிருக்கிறார், அதற்கு நீங்கள் கொடுத்து வைத்தவர். யூனிட்டில் ஒரு பெரிய பேமென்ட் நின்றுபோனால் அன்று அந்த நகை வேண்டும். காருக்காக அதை இப்போதே அடகுக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

யூனிட் கணக்கில் எழுதினால் வரி மிச்சமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்லக்கூடும். தொழிலுக்கு நிஜமாகவே ஓட்டிய அளவுக்குத்தான் செலவு கழியும். விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் உத்தேச வரித் திட்டத்தில் இருந்தால் அதுவும் தனியாகக் கிடையாது. இந்த மாதிரிக் காரின் ரிப்பேர் பில்லில் ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்க முடியாது. சொந்த உபயோகக் காரை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் ஈடுகட்டவும் வழியில்லை.

விற்பது என்று முடிவானால் புரோக்கரின் 8 லட்சத்துக்கு உடனே தலையாட்டாதீர்கள். ஓடுகளின் படங்கள், ஜர்னல் அளவுகள், சர்வீஸ் பில்கள் எல்லாம் கையில் இருந்தால், இந்தக் காரைத் தெரிந்த ஒருவர் அதைவிடக் கூடுதலாகவே தருவார். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்துக்குத்தான் புரோக்கர் விலை குறைக்கிறார். பணம் முழுவதும் கணக்கில் ஏறிய பிறகு வண்டியைக் கொடுங்கள், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தோடு நிறுத்தாமல் ஆர்சி பெயர் மாறும் வரை பின்தொடருங்கள். வாங்குகிறவர் என்ஜினைச் சரிசெய்து நெடுஞ்சாலையில் ஓட்டி விபத்தானால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆன்லைனில் உங்கள் பெயர் மாறியதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள்.