மேடை நாடகத்தில் கதை நடக்கும் இடம் பதற்றத்தை எப்படிக் கூட்டுகிறது?

இடம் வெறும் பின்னணியா, இல்லை நாடகத்தின் இறுக்கத்தில் அதற்கும் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பாதி வேலையை இடமே செய்துவிடும். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை. சொத்துச் சண்டையை அந்த வளவில் வைத்தால், பேசுகிறவர்கள் இரண்டே பேர் என்றாலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது பார்வையாளருக்குத் தெரியும், அதனால் தாழ்ந்த குரலில் வரும் ஒவ்வொரு வசனமும் கனக்கும். ஒரு கதவு லேசாகத் திறந்தால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் நேர்கோட்டில் இருப்பதும் நல்ல வசதி. வருகிறவர் தூரத்திலேயே தெரிந்துவிடுவார், இங்கே பேச்சு இன்னும் முடியவில்லையே என்று நமக்குப் பதைக்கும்.

காலமும் சேர்ந்தால் இன்னும் இறுகும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கே தொழில் செய்த நகரத்தார் (இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார் சமூகத்தினர்) பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த வருடத்துக் கதை என்றால் பர்மா தேக்குத் தூண்களே போன பணத்தை ஞாபகப்படுத்தும், வசனம் தேவையில்லை.

அப்புறம், முழு வீட்டையும் செட் போட வேண்டாம். இரண்டு தூண், ஒரு கதவு, மேலிருந்து விழும் ஒற்றை வெளிச்சம், சரியாக வைத்தால் போதும்.