எத்தனை பேரில் எத்தனை பேர்? ஆபத்துக் காரணிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சர்க்கரை இருக்குதுங்க. எனக்கு வயசு 38. எனக்கும் வந்தே தீருமுங்களா? (கோபிசெட்டிபாளையம்)

வந்தே தீரும் என்றில்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட்டுப் பாருங்கள். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஒரு இன்ச் டேப் போதும்.

வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் 0, 90-லிருந்து 99 வரை 10, 100 தொட்டால் 20. பெண்களுக்கு ஒவ்வொரு படியிலும் 10 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி, உடலுழைப்பு இரண்டும் உண்டென்றால் 0, ஏதாவது ஒன்று 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 வருகிறதா, ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

வயதும் பெற்றோரும் சேர்ந்து உங்களுக்கு இப்போதே 40. நீங்கள் ஆணாக இருந்து, நாளெல்லாம் கடையில் உட்கார்ந்திருந்து இடுப்பும் 95 என்றால் 80-க்குப் போய்விடும். தோட்டத்து வேலையும் நடையும் இருந்து இடுப்பு 90-க்குள் என்றால் 40-லேயே நிற்கும். 100-ல் 50 மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் சைஸைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே எடுக்கிற அளவு.

கேள்வி: மெஷின்ல பிபி 150 காட்டுது. ஆபத்தா? (திருப்பூர்)

கீழ் எண் எங்கே? வயது என்ன? எத்தனை தடவை பார்த்தீர்கள்? இவை இல்லாமல் 150-ஐ வைத்துக்கொண்டு எவரும் எதுவும் சொல்ல முடியாது. காபி, பீடி, சிகரெட் விட்டு அரை மணி நேரம் ஆன பிறகு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காலையும் மாலையுமாக ஒரு வாரம் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தலைவலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

கேள்வி: எங்க தாத்தா கடைசி வரைக்கும் பீடி குடிச்சு 90 வயசு வரைக்கும் இருந்தாரு. அப்புறம் எப்படி? (காங்கேயம்)

தப்பித்தவரைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அவரோடு சேர்ந்து பீடி குடித்து 55-ல் போனவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேள்வி: தினம் ஒரு முட்டை சாப்பிட்டா மாரடைப்பு அபாயம் 20 சதவீதம் கூடும்னு வாட்ஸ்அப்ல வந்துது. பொழப்பே முட்டைதானுங்க, என்ன பண்றது? (நாமக்கல்)

இந்த ‘சதவீதம் கூடும்’ செய்திகளைப் போல மக்களை அலைக்கழிப்பது வேறெதுவும் இல்லை. 20 சதவீதம் எதற்கு மேல்? எத்தனை பேரில் எத்தனை பேர்? எத்தனை வருடத்தில்? இந்த மூன்றும் இல்லாத செய்தியை அப்படியே அழித்துவிடலாம்.

ஒரு கணக்குக்கு, முட்டை சாப்பிடாத 100 பேரில் 10 வருடத்தில் 5 பேருக்கு மாரடைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் கூடினால் 6 பேர். நூற்றுக்கு ஒருவர் கூடுதல். அதே 20 சதவீதம், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு என்றால், ஐயாயிரம் பேருக்கு ஒருவர் கூடுதல். எண் ஒன்றுதான், விளைவு எவ்வளவு வேறு! அடிப்படை எண்ணை மறைத்துவிட்டு மடங்கை மட்டும் சொல்வது பாதிப் பொய்.

இதனால் உயிர்களே பாதிக்கப்பட்டிருக்கின்றன. 1995-ல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் அபாயம் ‘இரண்டு மடங்கு’ என்று எச்சரிக்கை வந்தது. உண்மையில் அது சுமார் 7,000 பெண்களில் ஒருவர் என்பதிலிருந்து இருவர் ஆனது. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. உடனே ‘சாசேஜும் சிகரெட்டும் ஒன்று’ என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவில்லை. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 15 முதல் 30 மடங்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

விளம்பரக்காரர்கள் இதையே லாபத்துக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். தங்கள் மருந்தின் பலனை ‘பாதியாகக் குறைக்கும்’ என்று மடங்கில் சொல்வார்கள். பக்கவிளைவை ‘ஆயிரத்தில் ஒருவருக்கு’ என்று தலை எண்ணிச் சொல்வார்கள். இரண்டையும் தலை எண்ணிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

முட்டைக்கு வருகிறேன். பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை, நலமாக இருப்பவருக்குத் தினம் ஒரு முட்டை வரை இதயநோய் கூடுவதாகக் காணவில்லை. சர்க்கரை உள்ளவர்களிடம் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். முட்டையோடு எது வருகிறது என்பதும் முக்கியம். ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டா, ஒரு கலக்கி, வெளியே வந்து ஒரு சிகரெட் என்றால், பழியை முட்டை மேல் மட்டும் போடக்கூடாது.

கேள்வி: தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமுங்க. எங்க டிரைவர் 15 வருஷமா அப்படித்தான் இறக்கறாரு, ஒண்ணும் ஆகலையே? (சங்ககிரி)

ஒரு நடைக்கு விபத்து வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று கொள்ளுங்கள். வருடம் 200 நடை, 15 வருடத்தில் 3,000. இந்தக் கணக்கில் நாலு டிரைவர்களில் ஏறக்குறைய மூன்று பேர் 15 வருடமும் ஒன்றும் ஆகாமல் வந்துவிடுவார்கள். உங்கள் டிரைவர் அந்த மூவரில் ஒருவர். இது அவர் முறை சரி என்பதற்குச் சான்று ஆகாது.

காரணிகள் சேரும்போது ஒன்றை ஒன்று பெருக்கும். சரிவு, லோடு, நியூட்ரல் மூன்றும் சேர்ந்தால் எஞ்சினின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் சூடேறினால் லைனிங் பிடிக்காது. பிரேக்கை இயக்கும் காற்றும் தீரும். டீசல் மிச்சம் என்பதும் தவறு. இப்போதைய மின்னணு எஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பாய்வது நின்றுவிடும்; நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறக்குங்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கேள்வி: ஸ்பின்னிங் மில்லுல கார்டிங் செக்சன். லீவு முடிஞ்சு போற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்குது. வாரக் கடைசில சரியாயிடுது. விட்டுடலாமா? (பல்லடம்)

விடவே கூடாது. பஞ்சுத்தூசியால் வரும் பிஸினோசிஸ் இப்படித்தான் தொடங்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங் இரண்டிலும்தான் தூசி அதிகம். புகைப்பழக்கம் அதை மோசமாக்கும். லீவுக்குப் பிறகான முதல் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் சோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி, எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தூசியில்லாத பிரிவுக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகும். வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இது தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. டாக்டரிடம் செக்சன் பெயரையும் சர்வீஸ் வருடங்களையும் சொல்லி எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பாங்கில் போட்ட டெபாசிட்டுக்கு அபாயமே இல்லைதானே? (பொள்ளாச்சி)

எந்த பாங்க், எவ்வளவு தொகை என்று எழுதவில்லை. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சம்தான். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மொத்தப் பணத்தையும் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மாசம் 5 சதவீதம் உறுதி, ஆள் சேர்த்தா தனி கமிஷன்னு ஒரு பண்ணைத் திட்டம் வந்திருக்குதுங்க. (பெருந்துறை)

2012-ல் ஈமு பண்ணைகள் விழுந்தது உங்கள் ஊர்ப் பக்கம்தான். உறுதியான வருமானம், திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்குறுதி, ஆள் பிடித்தால் கமிஷன், சரக்கை வாங்க வெளியே சந்தை இல்லை. இந்த நாலில் இரண்டு இருந்தாலே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கேள்வி: பயிர்க் காப்பீடு கட்டியும் பணம் வரலைங்க. என் காட்டுல பயிரே இல்லை. (அந்தியூர்)

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தின் அல்லது பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவின் சராசரி மகசூலைப் பார்த்து வருகிறது. பக்கத்துக் காடுகள் நன்றாக விளைந்திருந்தால் உங்களுக்கு வராது. இந்த அபாயம் பிரீமியம் கட்டினாலும் உங்களிடமேதான் இருக்கிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல் போன்றவற்றுக்குத் தனி வயல் அளவில் உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வே எண், பயிர், சேதமான தேதி மூன்றையும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், பயிர் பெயர் சரியாக இருக்கிறதா என்று கட்டும் முன்பே பாருங்கள். அங்கே தவறு இருந்தால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை.