இரண்டு பெரிய மீன் ஜோடி ஆகாது

கேள்வி: ஐயா, வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து, கடல் வண்ணமீன் குஞ்சு எடுக்கலாம் என்று 2 அடித் தொட்டி மூன்று வைத்திருக்கிறோம். ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் ஆறு வாங்கினோம். எல்லாம் 3 அங்குலம் இருக்கும். "முட்டை போடுகிற வயசு, மூணு ஜோடி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தொட்டிக்கு இரண்டாக விட்டோம். முதல் தொட்டியில் ஒன்று இன்னொன்றைக் கடித்துக் கடித்து மூன்றாம் நாள் கொன்றுவிட்டது. இரண்டாவதில் ஆளுக்கொரு மூலையில் நிற்கின்றன, கிட்டே வந்தால் சண்டை. மூன்றாவதில் ஒன்று சற்றுச் சிறியது. அவை சேர்ந்தே திரிகின்றன. போன வாரம் ஓட்டில் முட்டையும் வைத்தன, மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. தனியாக நிற்கிற மீனுக்கு, வலையில் கிடைத்த செபே கோமாளியைத் துணைக்கு விடலாமா? நீல டாம்சல் ஒரு ஜோடியும் இதே தொட்டியில் போடலாமா?

பதில்: அம்மா, கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆடு, கோழி மாதிரி இதிலும் பிறக்கும்போதே ஆண், பெண் இருக்கும், பெரிதாக எடுத்தால் இரண்டும் கலந்து வரும் என்று அவரும் நினைத்திருப்பார். கோமாளி மீனில் கதையே வேறு.

குஞ்சாக இருக்கும்போது எதுவும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. கடலில் ஒரு கடல் சாமந்தியில் (பூ மாதிரி விரிந்து பாறையில் ஒட்டி வாழும் உயிரி அது) நாலைந்து மீன் குடியிருக்கும். அதில் ஆகப் பெரியது பெண், அடுத்த பெரியது ஆண். மற்றவை எல்லாம் சின்னப் பிள்ளைகள், வளராமல் காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் மீனே சில வாரங்களில், சில மாதங்களில் பெண்ணாக மாறிவிடும். காத்திருந்ததில் பெரியது ஆணாகும். பெண்ணானது மட்டும் திரும்ப ஆணாவதே கிடையாது. மதுரையா சிதம்பரமா என்று கேட்டால், கோமாளி மீன் வீட்டில் என்றைக்கும் மதுரைதான்.

இப்போது உங்கள் முதல் தொட்டியைப் பாருங்கள். 3 அங்குலத்துக்கு வளர்ந்த ஒசெல்லாரிஸ் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். இரண்டு பெண்ணை 2 அடித் தொட்டியில் அடைத்தால் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது. கடலில் என்றால் தோற்றது ஓடிவிடும், கண்ணாடிக்குள் எங்கே ஓடுவது? தொடக்கத்தில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். ராத்திரி விட்டது, காலையில் செதிலெல்லாம் பிய்ந்து மிதந்தது.

இரண்டாவது தொட்டியிலும் அநேகமாக இரண்டு பெண்தான். பழகிவிடும் என்று விட்டுவைக்காதீர்கள், இன்றைக்கே நடுவில் பிளாஸ்டிக் வலைத் தடுப்புப் போடுங்கள். ஒன்றை வேறு தொட்டிக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ஆக, உங்களிடம் தனிப் பெண் மூன்று இருக்கிறது. அதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம். வளர்ந்த பெண்தான் கிடைப்பது அரிது, அதற்கு ஆண் செய்துகொள்வது எளிது.

செய்முறை இதுதான். தொட்டியில் பிறந்து வளர்ந்த, 1 அங்குலத்துக்குச் சற்று மேல் உள்ள குஞ்சுகள் ஐந்தாறு வாங்குங்கள். மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கம்தானே, குஞ்சுக்கும் பயிற்சிக்கும் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். வாங்கியதை மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து, வெள்ளைப் புள்ளியோ உடம்பில் சளிப்படலமோ வருகிறதா என்று பார்த்த பிறகே பெரிய மீனிடம் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டு இந்த இடத்தில்தான் பலர் மொத்தத் தொட்டியையும் இழக்கிறார்கள்.

பெண்ணின் தொட்டிக்குள் குஞ்சை நேராக விடாதீர்கள். காய்கறி அலசுகிற ஓட்டைக் கூடை ஒன்றில் குஞ்சைப் போட்டு, மேலே மூடி, ஒரு வாரம் தொட்டிக்குள்ளேயே மிதக்க விடுங்கள். பெரியது வந்து முறைக்கும், கூடையை இடிக்கும். நாலைந்து நாளில் அது அடங்கும். திறந்துவிடுகிற அன்று ஓடு, மண்சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். தன் இடம் எது என்று பெண்ணுக்கே கொஞ்சம் குழம்ப வேண்டும். சாயங்காலம் விளக்கை அணைத்த பிறகு விடுவது நல்லது.

அப்புறம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பெண் கிட்டே வரும்போது குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை உதறி நடுங்கினால் கவலைப்படாதீர்கள், வலிப்பு இல்லை அது. "நீதான் பெரியவள்" என்று ஒப்புக்கொள்கிற பணிவு. பெண் லேசாக ஒரு இடி இடித்துவிட்டுப் போய்விடும். ஒரு மாதத்தில் இரண்டும் ஒரே இடத்தில் தூங்க ஆரம்பித்தால் ஜோடி சேர்ந்தது என்று அர்த்தம். துடுப்பு கிழிந்து, குஞ்சு நீர்மட்டத்தில் ஒரு மூலையிலேயே ஒட்டிக்கொண்டு, தீனிக்கு வராமல் இருந்தால் உடனே எடுத்துவிட்டு வேறு குஞ்சைக் கூடையில் போடுங்கள். ஐந்தாறு வாங்கச் சொன்னது இதற்குத்தான். இந்தக் குஞ்சு வளர்ந்து ஆணாக வேண்டும், எனவே ஆறு மாதத்துக்கு முன்னால் முட்டையை எதிர்பார்க்காதீர்கள்.

பெரிய பெண் கைவசம் இல்லாதவர்கள் ஒரே அளவுக் குஞ்சு ஐந்தாறை 500 லிட்டர் தொட்டியில் ஒன்றாக விட்டு வளர்ப்பார்கள். சில மாதத்தில் இரண்டு மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்து ஓர் இடத்தைப் பிடித்து மற்றதைத் துரத்தும். அந்த இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றுவதுதான் அதில் வேலை. இப்படிச் சேர்க்கும்போது எல்லாம் ஒரே தாயின் முட்டையில் வந்ததாக இருக்கக் கூடாது. அண்ணன் தங்கையை ஜோடி சேர்த்தால் நாள்பட நாள்பட வம்சம் பலவீனமாகும். பெர்க்குலா என்று கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் இன்னொரு மீன் உண்டு. அதில் வெள்ளைப் பட்டையின் கறுப்பு ஓரம் தடிப்பாக இருக்கும், முதுகு முள் பெரும்பாலும் 10, ஒசெல்லாரிஸுக்கு 11. கலந்துவிட்டால் அவை சேர்ந்து குஞ்சும் பொரிக்கும், ஆனால் கலப்பு மீனை ஒசெல்லாரிஸ் என்று விற்றால் பெயர் கெட்டுவிடும்.

செபே வேண்டவே வேண்டாம். அதுவும் கோமாளிதான், நம் கடல் மீன்தான், ஆனால் ஒசெல்லாரிஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக வளரும். துணையாக இருக்காது, எமனாக இருக்கும். வலையில் அடிபட்ட மீன் நோயையும் கூட்டிவரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ளது தேசியப் பூங்கா, அதற்குள்ளிருந்து எந்த மீனையும் எடுக்கக் கூடாது. பவளம், கடல் குதிரை இரண்டும் எங்கே கிடைத்தாலும் தொடவே தொடாதீர்கள்; வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கடல் சாமந்திக்கும் அலைய வேண்டியதில்லை, கவிழ்த்து வைத்த மண்சட்டியே போதும்.

டாம்சலும் அதே குடும்பம்தான், குணம் அதைவிட மோசம். முட்டைத் தொட்டியில் விட்டால் முட்டையைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். வளர்ப்பதானால் வேறு தொட்டி வையுங்கள். அங்கே கோமாளிக் கணக்கை அப்படியே போடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் மூன்று பட்டை போட்ட டாம்சலில் எல்லாம் தலைகீழ்: முதலில் பெண், பெரிதானது ஆணாகும், ஓர் ஆணுக்குப் பல பெண்.

சரி, மூன்றாவது தொட்டிக்கு வருவோம். அங்கே இருப்பது உண்மையான ஜோடி. முதல் இரண்டு, மூன்று ஈடு முட்டையைத் தின்பது சகஜம். ஒரே ராத்திரியில் எல்லாம் போயிருப்பதைப் பார்த்தால், ஆண் இன்னும் முற்றாமல் முட்டை கருவாகாதிருக்கலாம். கருவாகாத முட்டையை ஆணே தின்று சுத்தம் செய்துவிடும். கல்லுக்குள் நண்டு, புழு ஒளிந்திருக்கிறதா என்று ராத்திரி டார்ச் அடித்தும் பாருங்கள். தொட்டியின் மூன்று பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டி, ஆள் நடமாட்டத்தைக் குறையுங்கள். மட்டிச் சதை, இறால், கணவாய் இவற்றை அவித்துப் பொடியாக நறுக்கி, ஒரு நாளைக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மிஞ்சியதை அரை மணியில் எடுத்துவிட வேண்டும். உப்பு 30-34 பிபிடி (ஆயிரம் பங்கு தண்ணீரில் அத்தனை பங்கு உப்பு), வெப்பம் 27-29 டிகிரி, விளக்கு 12 மணி நேரம் என்பது மாறாமல் இருக்கட்டும். அம்மோனியா துளிகூட இருக்கக் கூடாது.

பழகிய ஜோடி 12 முதல் 15 நாளுக்கு ஒருமுறை முட்டை வைக்கும், பெரும்பாலும் பகல் வேளையில். முட்டை முதலில் ஆரஞ்சாக இருக்கும், பிறகு கறுத்து, ஆறேழு நாளில் உள்ளே வெள்ளிக் கண் மின்னும். ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாள் இருட்டியதும் இரண்டு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். அன்று சாயங்காலமே முட்டை ஒட்டியிருக்கிற ஓட்டை எடுத்து, அதே தண்ணீர் நிரப்பிய குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, முட்டையின் மேல் மெல்லிய காற்றுக் குமிழி படும்படி வைத்து, வெளிச்சத்தை மறையுங்கள். குஞ்சுக்கு மறுநாளே தீனி வேண்டும், அதுவும் உயிர்த் தீனி, ஒரு மில்லி தண்ணீருக்கு ஐந்து முதல் பத்து ரொட்டிஃபராவது (கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிகச் சிறிய நீர் உயிரி). ஒரு வாரம் கழித்துத்தான் ஆர்ட்டீமியா என்கிற, உப்பு நீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரியின் முறை. முட்டை வந்த பிறகு ரொட்டிஃபர் வளர்க்க ஆரம்பித்தால் எட்டாது. எனவே நான்கு பேரில் ஒருவர் பச்சைப் பாசித் தண்ணீரையும் ரொட்டிஃபரையும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். பாசி வித்தும் ரொட்டிஃபர் வித்தும் கிடைக்குமா என்று மண்டபத்துக்குப் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.