ஆட் பிளாக்கர் போடுவது திருட்டா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பல வருடமாக, விளம்பரங்களைத் தடுக்கும் ஆட் பிளாக்கர் போட்டுத்தான் இணையத்தில் படிக்கிறேன். பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பர், “நீ செய்வது திருட்டு, விளம்பரம் பார்ப்பதுதான் நீ கொடுக்கிற விலை” என்கிறார். பதில் சொல்லவும் தெரியவில்லை, பிளாக்கரை எடுக்கவும் மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

ம.

அன்புள்ள ம.,

திருட்டு இல்லை. விலை என்றால் கொடுக்கிறவருக்கு அது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். நாளிதழில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம் தாளோடு கிடக்கும், புரட்டினால் முடிந்தது. இணையத்திலோ பக்கம் திறக்கிற நொடிக்குள் உங்களைப் பற்றிய தகவல் ஏலத்துக்குப் போய், நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத நிறுவனங்கள் அதைப் பார்த்து விலை கேட்டு, ஜெயித்தவருடைய விளம்பரம் வந்து உட்காருகிறது. என்ன வரப்போகிறது என்று பல சமயம் அந்தப் பத்திரிகைக்கே தெரியாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி தளங்களிலேயே, கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சு நிரல் இப்படி விளம்பரம் வழியாக வந்தது. 2022 டிசம்பரில், பிரபல நிறுவனங்களின் பெயரில் மோசடிக்காரர்கள் தேடுபொறிகளில் விளம்பரம் வாங்குகிறார்கள், அதனால் ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே சொன்னது. தற்காப்புக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் நண்பரின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மார்கோ ஆர்மென்ட் என்ற நிரலாளர் 2015 செப்டம்பரில் ஐபோனுக்கு ‘பீஸ்’ என்று ஒரு பிளாக்கர் வெளியிட்டார், கட்டணச் செயலிகளில் முதலிடத்துக்கே போய்விட்டது. இரண்டே நாளில் அவரே அதை எடுத்துவிட்டார். அடிபட வேண்டியவர்களோடு சேர்ந்து, அடிபடக் கூடாதவர்களும் அடிபடுகிறார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். வந்துகொண்டிருந்த பணத்தை விட்டுவிட்டு அப்படிச் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். யாரையும் வேவு பார்க்காமல், ஓரத்தில் ஒரு புத்தக விளம்பரப் படம் மட்டும் போட்டு நடத்தும் சிறுபத்திரிகையையும் நாம் தடுத்துவிட்டு, “டிராக்கிங் (வேவு பார்ப்பது) பிடிக்கவில்லை” என்று சொன்னால் அது பொய்க் காரணம். எழுதியவருக்கு நாம் கொடுக்க வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.

ஆகவே நீங்கள் தினமும் படிக்கிற தளங்களில் சந்தா இருந்தால் கட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் பிளாக்கரை அணைத்துப் பாருங்கள், திரையை மறைக்கும் குப்பை வந்தால் தயங்காமல் மறுபடி போட்டுவிட்டு, ஏன் போட்டீர்கள் என்று ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.