பழைய காரில் இழுவையும் மைலேஜும் குறைந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 2011-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி சில மாதங்களாக 11-ஐத் தாண்டுவதில்லை. ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாம் கியரிலும் திணறுகிறது. ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்க வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலப்பால், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. உங்கள் கணக்கில் அது லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். நீங்கள் இழந்திருப்பதோ ஐந்து கிலோமீட்டர். எனவே வண்டியில் பழுது இருக்கிறது.

இன்ஜினைத் தொடுவதற்கு முன், அதற்கு வெளியே உள்ளவற்றைப் பாருங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்றால், ஒன்று மட்டும் அனலாக அடிக்கிறதா என்பது தெரியும். அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜினின் சுற்று மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. இவ்விரண்டுமே இழுவையையும் மைலேஜையும் சேர்த்துக் கெடுப்பவை. டயர் காற்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கருத்து. இன்ஜெக்‌ஷன் வண்டியில், அதாவது உங்களுடையதைப் போல் கணினி அளந்து பெட்ரோலைச் செலுத்தும் வண்டியில், அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கும். மைலேஜை அவ்வளவாகப் பாதிக்காது. அதைவிட, இன்ஜின் உரிய சூட்டை எட்டும்வரை குளிர்விக்கும் நீரைத் தடுத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் முக்கியம். வண்டி சூடாகிறது என்று அதையே கழற்றிவிடும் வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அது இல்லாமலோ, திறந்தபடியே சிக்கிக்கொண்டோ இருந்தால், இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டாது; காரின் கணினி, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதிக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் இப்படியே பெட்ரோல் வீணாகும். காரின் கணினியில் ஸ்கேன் கருவியை இணைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் திணறுவதாகச் சொல்வதால், புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மீது எனக்குச் சந்தேகம் அதிகம். அது அடைபட்டால் புகை வெளியேற வழியின்றி, சுற்று கூடக் கூட இன்ஜின் மூச்சுத் திணறும். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 2500 சுற்றில் அழுத்தம் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் அடைப்பு இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் மாற்றுவது போதாது. தேய்ந்த ஸ்பார்க் பிளக்காலோ பழுதான இக்னிஷன் காயிலாலோ எரியாமல் வெளியேறும் பெட்ரோல், கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதன் உட்பகுதியை உருக்கியிருக்கலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பெருகும் நச்சுப் புகையை நாம்தான் சுவாசிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே, சிலிண்டர்களின் உள்ளழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்து, ஆயிலும் குறைந்து, நீலப்புகையும் வந்தால், இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த அளவீடுகளை எழுதிக் காட்டாத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பெறுங்கள். பிறகு தகராறு எழுந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்க நேர்ந்தால், இவையே உங்கள் ஆதாரம்.